பல் தீட்டாத குற்றமா? பிறவியிலேயே பழுதாகும் பல் மிளிரி

எட்டு வயதுப் பையன் ஒருவன் கண்ணாடிக்கு முன் நின்று பல் தீட்டுகிறான். அன்று காலை அவன் தீட்டுவது இது இரண்டாம் முறை. முதல் முறை தீட்டி முடித்து வந்தபோது அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இன்னும் மஞ்சளாய்த்தானே கிடக்குது. போய் வடிவாய்த் தீட்டிப்போட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பையனுக்குப் பல் கூசுகிறது. கூசுவதால் தூரிகையை மெல்லப் பிடிக்கிறான். மெல்லப் பிடிப்பதால் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான். பாடசாலையிலோ வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். கோயில் விழாவில் தேவாரம் பாட மேடையேறினால் வாயைப் பாதிதான் திறக்கிறான்.

இதே வீட்டில் அம்மம்மாவின் பழைய படப் புத்தகத்தைப் புரட்டினால், கலியாணப் படங்களில் ஒருவர் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அவர் பையனின் தாய்மாமன். "அவன் சின்னனிலேயே பல்லுத் தீட்டப் பஞ்சிப்பட்டவன், வெற்றிலையும் போட்டவன், அதுதான் அப்பிடி" என்று குடும்பம் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறது. அம்மாவின் முன்பற்களிலும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் உண்டு. அதை எவரும் கவனித்ததில்லை.

இப்படிப்பட்ட குடும்பங்கள் இலண்டனிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. மாமனும் மருமகனும் பல் தீட்டாத குற்றம் எதையும் செய்யவில்லை. அவர்களுடைய பற்கள் முரசைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதே மஞ்சளாக வந்தவை. பல்லின் மேலுறை உருவாகும் வேளையிலேயே அதில் குறை நேர்ந்துவிட்டது. இதனை அறியாமல் பிள்ளையை ஏசும் பெற்றோர் பலர். ஏச்சுக்கு அஞ்சி வலியை மறைக்கும் பிள்ளைகளும் பலர். ஆகவே இந்தக் குறை எவ்வாறு ஏற்படுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருத்தல் நன்று.

மிளிரி உண்டாகும் விதம்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்மையான உறையை மிளிரி என்பர். எனாமல் என்றும் வழங்குவர். மனித உடலில் உள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த தாதுப்பொருள். அதன் கீழே பன்முதல் என்னும் சற்று மென்மையான மஞ்சள் நிறப் பகுதியும், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் கொண்ட கூழும் உள்ளன.

மிளிரியைக் கட்டும் வேலையைச் சில சிறப்புக் கலங்கள் செய்கின்றன. வேலை இரு கட்டங்களில் நடக்கிறது. முதற் கட்டத்தில் இக்கலங்கள் புரதத்தைச் சுரந்து, முழுத் தடிப்புக்கும் ஒரு சாரம் கட்டுகின்றன. இரண்டாம் கட்டத்தில் அந்தப் புரதம் அகற்றப்பட்டு, அதன் இடத்தில் தாதுப்பொருள் நிறைந்து இறுகுகிறது. முதற் கட்டத்தில் தடை வந்தால் மிளிரி மெல்லியதாகவும் குழிவிழுந்ததாகவும் அமையும். இரண்டாம் கட்டத்தில் தடை வந்தால் தடிப்பு சரியாக இருக்கும். ஆனால் சுண்ணாம்புக் கட்டி போல மென்மையாயிருந்து, பல் முளைத்தபின் உதிரத் தொடங்கும்.

பல் முளைத்தவுடன் மிளிரியைக் கட்டிய கலங்கள் மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் ஆறும். மிளிரியோ ஒரு தடவை போனால் மீண்டும் வளராது. எந்தப் பற்பசையும், எந்தப் பொடியும், எந்த மாத்திரையும் அதை மறுபடி உண்டாக்க மாட்டா.

காலக் கணக்கும் முக்கியமானது. ஆறு வயதில் முளைக்கும் முதற் கடைவாய்ப் பல்லின் மிளிரி, பிள்ளை பிறக்கும் தறுவாயில் உருவாகத் தொடங்கி மூன்று வயதளவில் முடிந்துவிடும். மேல் முன்பற்கள் நாலைந்து வயதளவில் முடியும். எனவே ஆறு வயதில் காணப்படும் குறை, கைக்குழந்தைப் பருவத்தில் நேர்ந்த ஒன்றின் அடையாளம். நேற்றுத் தின்ற சொக்கிலேற்றை அதற்குக் காரணமாகக் கூற முடியாது.

பரம்பரையாக வருவது

மிளிரி கட்டுவதற்கான கட்டளைகள் மரபணுக்களில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் பிழையிருந்தால் பாற்பற்கள், நிரந்தரப் பற்கள் ஆகிய இரு தொகுதியிலும் ஏறத்தாழ எல்லாப் பற்களுமே பாதிக்கப்படும். மருத்துவ நூல்கள் இதனை அமிலோஜெனெசிஸ் இம்பர்பெக்ரா என்று குறிப்பிடுகின்றன. வட சுவீடனில் ஏறத்தாழ 700 பேருக்கு ஒருவர் என்றும், அமெரிக்காவில் 14,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் உண்டு. இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இது குடும்பத்தில் இறங்கும் வழிகள் மூன்று.

முதலாவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எனாமலின் என்னும் புரதத்துக்குரிய மரபணு இவ்வாறு இயங்குவது 2001ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இரண்டாவது, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் வகை. பெற்றோர் இருவருக்கும் பற்கள் நன்றாகவே இருக்கும். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது சற்றுக் கூடுதலாகத் தோன்றும். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே மறைந்த பிழை இரு பக்கமும் வந்து சேரக்கூடும் என்பதே காரணம். மாமன் மகளை மணந்தோர் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை. அத்தகைய திருமணங்களில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர்.

மூன்றாவது, எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வருவது. அமிலோஜெனின் என்னும் புரதத்தின் மரபணு அங்கே உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே இருப்பதால் குறை முழுமையாகத் தெரியும். பெண்ணுக்கு இரண்டு உண்டு. ஒவ்வொரு கலத்திலும் ஒன்று ஓய்ந்துவிடுவதால், நல்ல மிளிரியும் குறையுள்ள மிளிரியும் மாறி மாறி மேலிருந்து கீழாகக் கோடுகளாக அமையும். தொடக்கத்தில் கூறிய குடும்பத்தில் அம்மாவின் பல்லிலிருந்த கோடுகளின் பொருள் இதுதான். பிழை அம்மம்மாவிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் சென்று, மகளிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது. அந்த மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால், பெண் பிள்ளைகள் எல்லோரிடமும் அது இருக்கும். ஆண் பிள்ளைகள் ஒருவரிடமும் இராது.

சில அரிய வகைகளில் பல்லோடு வேறு உறுப்பும் சேர்ந்து பாதிக்கப்படும். வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசுதலும் பார்வைக் குறையும் சேர்ந்த வகை ஒன்று. சிறுநீரகத்தில் கல்சியம் படியும் வகை மற்றொன்று. வலிப்பும் வளர்ச்சிக் குறையும் சேர்ந்தது இன்னொன்று. ஆகையால் பல் முழுவதும் மஞ்சளாக உள்ள பிள்ளைக்குக் கண்ணிலோ சிறுநீரிலோ கோளாறு இருந்தால் அதைப் பல் வைத்தியரிடமும் குடும்ப வைத்தியரிடமும் மறவாமல் கூறவேண்டும்.

பரம்பரையல்லாத குறைகள்

பரம்பரை வகை அரிது. அதைவிட மிகப் பரவலானது, முதற் கடைவாய்ப் பற்கள் நான்கில் ஒன்றோ பலவோ, அவற்றுடன் சில வேளை முன்பற்களும் பாதிக்கப்படும் நிலை. சுவீடனில் 1970ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகளிடம் இது வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தது; 1987இல் அது குறித்து ஆய்வு வெளிவந்தது. 2001இல்தான் இதற்கென ஒரு பொதுப் பெயர் முன்மொழியப்பட்டது. உலகளவில் பிள்ளைகளில் 13 முதல் 14 சதவீதத்தினரிடம் இது இருப்பதாக அண்மைய ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. வகுப்பொன்றில் முப்பது பிள்ளைகள் இருந்தால் நால்வரிடம் இருக்கலாம் எனக் கொள்ளலாம்.

வெள்ளை, மஞ்சள் அல்லது கபில நிறத் திட்டுகள் தெளிவான எல்லையுடன் காணப்படும். ஒரு பல் மோசமாகவும் பக்கத்துப் பல் சுத்தமாகவும் இருக்கும். பல் முளைத்துச் சில மாதங்களிலேயே மெல்லும் பகுதி உடைந்து போவதால், பெற்றோர் அதைச் சூத்தை என்று எண்ணிவிடுகின்றனர். இதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பேறுகால இடர், குறைமாதப் பிறப்பு, முதல் மூன்று ஆண்டுகளில் வந்த கடுங்காய்ச்சலும் நெஞ்சுச் சளியும், பிறவி இயல்பு ஆகியன சேர்ந்து செயற்படுவதாகக் கருதப்படுகிறது. நோய்க்கிருமிக் கொல்லி மருந்துகளுடனும் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் மருந்தா, மருந்து தேவைப்பட்ட காய்ச்சலா என்று பிரித்தறிவது கடினம். பல்லுக்குப் பயந்து, வைத்தியர் தேவையென்று தந்த மருந்தை நிறுத்துவது பெருந்தவறு.

ரெற்றாசைக்கிளின் என்னும் மருந்தின் கதை வேறு. அது வளரும் பல்லில் படிந்து மஞ்சள், சாம்பல் நிறக் கறையை உண்டாக்குவது ஐயமின்றி அறியப்பட்டது. அதனால்தான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. இன்று ஐம்பது அறுபது வயதாகியுள்ள சிலரது பற்களில் அந்தக் காலத்துக் கறையை இன்னும் காணலாம்.

அடுத்தது புளோரைட்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901இல் வந்த மக்கே என்ற இளம் பல் வைத்தியர், ஊர்ப் பிள்ளைகளின் பற்கள் கபில நிறமாயிருப்பதைக் கண்டார். பன்றி இறைச்சி தின்பதால் என்றனர் சிலர். பால் சரியில்லை என்றனர் வேறு சிலர். குடிதண்ணீரே காரணமென்று மக்கே சந்தேகித்தார். தண்ணீரிலுள்ள புளோரைட்டே அது என்று சேர்ச்சில் என்ற இரசாயன அறிஞர் 1931இல் கண்டறிந்து சொல்லும்வரை முப்பது ஆண்டுகள் சென்றன. அந்தப் பற்களில் சூத்தை குறைவு என்பதும் இதே தேடலில் தெரியவந்தது. 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரத் தண்ணீரில் அளவாகப் புளோரைட்டுச் சேர்க்கப்பட்டமைக்கு அதுவே வழிவகுத்தது.

தமிழர்க்கு இது தூரத்துச் செய்தி அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரிலும், இலங்கையின் வட மத்திய உலர் வலயக் கிணறுகளிலும் புளோரைட்டு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவேரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடக்கி வைக்கப்பட்டது இக்காரணத்தால்தான். அப்பகுதிகளில் கைக்குழந்தைப் பருவத்தைக் கழித்துவிட்டுப் பின் இங்கு வந்தவரின் பல்லில் திட்டுகள் இருபக்கமும் ஒத்த அளவில் இருந்தால், பல் வைத்தியரிடம் ஊர்க் கிணற்றைப் பற்றியும் சொல்வது பயன்தரும்.

குளிர்நாடுகளில் வாழும் தமிழ்த் தாய்மார் கவனிக்கவேண்டியது விற்றமின் டி. கருநிறத் தோலுக்கு இங்குள்ள வெயில் போதாது. டென்மார்க்கில் 623 கருவுற்ற பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கடைசி மாதங்களில் கூடிய அளவு விற்றமின் டி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 15.1 சதவீதத்தினருக்கும், வழக்கமான அளவு மட்டும் பெற்றோரின் பிள்ளைகளில் 27.5 சதவீதத்தினருக்கும் ஆறு வயதில் மிளிரிக் குறை காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே அளவைக் கூட்டக் கூடாது. ஆயினும் பிரித்தானியாவில் கருவுற்ற பெண்களுக்கு விதிக்கப்பட்டுள்ள நாளுக்கு 10 மைக்ரோகிராமைத் தவறாமல் எடுத்தல் வேண்டும்.

ஒரேயொரு நிரந்தரப் பல் மட்டும் பழுதாக முளைத்தால், அதற்கு மேலிருந்த பாற்பல்லில் சீழ் பிடித்திருந்ததா, விழுந்து அடிபட்டதா என்று நினைத்துப் பார்க்கவேண்டும். "விழப்போகிற பல்தானே" என்று பாற்பல்லை விட்டுவிடுவதால் வரும் தீங்குகளில் இதுவும் ஒன்று.

சிகிச்சை

சிகிச்சையின் நோக்கங்கள் மூன்று: கூச்சத்தையும் வலியையும் நீக்குதல், எஞ்சிய மிளிரியைக் காத்தல், பிள்ளை கூசாமல் சிரிக்கச் செய்தல். இவற்றை வயதுக்கேற்பப் படிப்படியாகச் செய்வர்.

பல் முளைத்தவுடனே செய்ய வேண்டியது காப்பு. புளோரைட்டு வார்னிஷ் பூசுவதால் கூச்சம் குறையும். பாதி முளைத்த கடைவாய்ப் பல்லுக்குக் கண்ணாடி அயனோமர் என்னும் சீமெந்தைத் தற்காலிகமாக இட்டு மூடலாம்.

உடையத் தொடங்கிய கடைவாய்ப் பல்லுக்கு, ஆயத்த நிலையிலுள்ள உருக்கு உறை சிறந்தது. வெள்ளி நிறமாகத் தெரிகிறதே என்று சில தாய்மார் தயங்குகின்றனர். ஆனால் அது கூச்சத்தை நிறுத்தி, மெல்லும் உயரத்தைக் காத்து, பிள்ளை வளரும்வரை பல்லைத் தாங்கிநிற்கும். மீண்டும் மீண்டும் அடைத்து, அடைத்தது மீண்டும் மீண்டும் விழுவதைவிட இது மேல். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் ஒன்பது வயதுக்குள் மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடவை முதற் கடைவாய்ப் பற்களுக்குச் சிகிச்சை பெற்றிருந்தனர் என்று 2002இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று காட்டிற்று. அவர்களுக்குப் பல் வைத்தியர் என்றாலே அச்சம் ஏற்பட்டிருந்ததில் வியப்பில்லை.

இங்கு ஒரு செய்தி. இத்தகைய பல்லின் உட்கூழ் ஏற்கெனவே சினந்திருப்பதால் விறைப்பூசி சில வேளை சரிவரப் பிடிக்காது. பிள்ளை "நோகுது" என்று சொன்னால் அது நடிப்பல்ல. கதிரைக்கருகில் நிற்கும் பெற்றோர் "சும்மா இரு" என்று அதட்டாமல், வைத்தியரிடம் அதைச் சொல்லி வேலையை நிறுத்தி வேறு வழி பார்க்கச் சொல்வதே முறை.

பல்லைக் காப்பாற்ற முடியாத நிலையில், பிடுங்குவதற்கும் ஒரு காலம் உண்டு. ஏறத்தாழ எட்டு முதல் பத்து வயதுக்குள், பின்னாலுள்ள இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர் பிரியும் பகுதி உருவாகும் வேளையில் எடுத்தால், அந்தப் பல் முன்னகர்ந்து வந்து இடைவெளியை மூடக்கூடும். பிந்தினால் இடைவெளி நின்றுவிடலாம். ஆகவே பிடுங்குமுன் எக்ஸ்ரே எடுத்து, பல் வரிசை திருத்தும் நிபுணரின் கருத்தையும் கேட்பர். "பெரிய பல்லைப் பிடுங்குகிறார்களே" என்று இழுத்தடித்துப் பதின்மூன்று வயதில் கொண்டுபோவதால் பிள்ளைக்கே நட்டம்.

முன்பற்களுக்கு வழிகள் பல. மேற்பரப்புக் கறையை மெல்லத் தேய்த்தெடுக்கலாம். வெள்ளைத் திட்டுகளுக்குள் பிசினை ஊறவிட்டு நிறத்தை ஒத்துவரச் செய்யலாம். பல் நிறப் பிசினால் முன்புறத்தை மூடலாம். மிளிரியை அமிலத்தால் சற்று அரித்தால் பிசின் பற்றும் என்று புவனகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1955இல் காட்டியதன் பயன் இது. அதற்குமுன் இப்பிள்ளைகளுக்குப் பல்லைப் பெரிதும் சீவாமல் செய்யக்கூடியது மிகக் குறைவு. மிளிரி மிக மென்மையாயின் பிசினும் சரியாகப் பற்றாது. சில ஆண்டுகளில் புதுப்பிக்க நேரும்.

பரம்பரை வகையில் முடிவான சிகிச்சை பெரும்பாலும் பீங்கான் உறைகள். முரசும் தாடையும் வளர்ந்து முடியும்வரை, அதாவது பதினெட்டு இருபது வயதுவரை, அதற்குக் காத்திருப்பதே வழக்கம். ஆனால் 2015இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், 11 முதல் 22 வயதுவரையான 27 பேருக்கு 227 உறைகள் இடப்பட்டன. இரண்டாண்டுக்குப் பின் அவற்றில் 97 சதவீதம் நல்ல அல்லது ஏற்கத்தக்க நிலையிலிருந்தன. பற்கூச்சமும் வெகுவாகக் குறைந்தது. கடும் வலியுடன் வாழும் பிள்ளையை இருபது வயதுவரை காக்கவைக்க வேண்டுமா என்ற கேள்வியை நிபுணரிடம் கேட்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

பிரித்தானியாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கும், முழுநேரம் படிக்கும் பதினெட்டு வயதினர்க்கும் தேசிய சுகாதார சேவையில் பற்சிகிச்சை இலவசம். உள்ளூர்ப் பல் வைத்தியர் பிள்ளைகளுக்கான பல் நிபுணரிடம் அனுப்பிவைக்கலாம். தனியாரிடம் செலவு மிகுந்த வேலை இது என்பதால், பதினெட்டுக்குமுன் திட்டம் வகுத்துவிடுவது குடும்பத்துக்குப் பெரும் உதவி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. மென்மையான தூரிகை, வெதுவெதுப்பான தண்ணீர். நாளுக்கு இருமுறை, அதில் ஒன்று படுக்கைக்குப் போகுமுன்.

2. புளோரைட்டு உள்ள பற்பசை: மூன்று வயதுக்குள் மெல்லிய பூச்சளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணிக் கடலையளவு. துப்பவேண்டும், விழுங்கக் கூடாது. துப்பியபின் வாயைக் கொப்பளிக்கவும் வேண்டாம்.

3. உமிக்கரி, உப்பு, சாம்பல், வெண்மையாக்கும் கரிப்பொடி ஆகியன வேண்டா. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் முழு மிளிரி உள்ளவர்க்குப் பொருந்தியிருக்கலாம். உதிரும் மிளிரியை அவை இன்னும் உதிர்க்கும்.

4. தேசிக்காய்ச் சாறும் சோடாப் பானங்களும் குறைவாகவே இருக்கட்டும். இனிப்பு, சாப்பாட்டு வேளையோடு மட்டும். குறையுள்ள பல்லைச் சூத்தை விரைவில் பிடிக்கும்.

5. ஐஸ்கிரீமை மறுத்தல், ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுதல், பல் தீட்ட அழுதல் ஆகியன கூச்சத்தின் அறிகுறிகள். ஆறு வயதில் கடைவாய்ப் பல் முளைக்கும் காலத்தில் பல் வைத்தியரிடம் கட்டாயம் காட்டவேண்டும்.

6. குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை இருந்தால், கலியாணப் பேச்சுக்குப் பயந்து மறைக்கவேண்டாம். மாமாவுக்கு எப்படி, பெரியம்மாவுக்கு எப்படி என்ற விபரம் கிடைத்தால்தான் வைத்தியரால் வகையைத் தீர்மானிக்க முடியும். மரபணுப் பரிசோதனைக்கும் இந்த விபரமே அடிப்படை.

அந்தப் பையனின் கதைக்குத் திரும்பினால், பல் வைத்தியர் முதலில் பார்க்க வேண்டியது பையனின் பல்லை மட்டுமன்று. அம்மாவின் பல்லையும், அம்மம்மாவின் படப் புத்தகத்தையுந்தான். அப்போது அந்த அம்மாவுக்கு இரு செய்திகள் கிடைக்கும். பிள்ளை சோம்பேறியல்லன் என்பது ஒன்று. உதட்டை மூடிக்கொண்டு நின்ற அண்ணனும் சோம்பேறியாக இருந்ததில்லை என்பது மற்றொன்று. பிள்ளைக்குச் சிகிச்சை பல ஆண்டு நீடிக்கும். அண்ணனுக்கு அன்றிரவே ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நாற்பது வருடமாக ஊரார் சொன்னது பிழையென்று அவர் தங்கையின் வாயாலேயே கேட்கட்டும். அவருக்கும் செய்யக்கூடிய சிகிச்சை இன்று உண்டென்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.